டிராக்டர் கிளம்ப மறுப்பது ஏன்?

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் முன்னோர் மொழி. பட்டம் தவறினால் பயிர் தவறும் என்பதை உழவர் பெருமக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் மானாவாரிக் காடுகளில் இந்த உண்மை இன்னும் கடுமையானது. மழை பெய்து ஓய்ந்த பின் செம்மண் நிலம் சில நாட்களே பதமாக இருக்கும். அந்தச் சில நாட்களுக்குள் உழுது, நிலக்கடலையோ சோளமோ விதைத்து முடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மண் இறுகிவிடும். அடுத்த மழை எப்போது என்பதை எவரும் அறியார்.

முன்னாளில் ஏர்மாடு ஒன்று நோயுற்றால், அண்டை வீட்டு மாட்டை இரவல் வாங்கி உழவை முடித்தனர். இன்று உழவு பெரும்பாலும் டிராக்டரை நம்பி நிற்கிறது. மழை பெய்த மறுநாள் ஊரில் உள்ள எல்லா டிராக்டர்களுக்கும் வேலை இருக்கும். இரவல் கிடைப்பது அரிது. அந்த நாளில் சாவியைத் திருப்பியும் எஞ்சின் கிளம்ப மறுத்தால், இழப்பு மெக்கானிக்கின் கூலியோடு நிற்பதில்லை. ஒரு பட்டமே கைநழுவிப் போகிறது. ஊராட்சியின் டிராக்டராயின், கோடையில் தண்ணீர்த் தொட்டி தெருவுக்கு வந்து சேராது, குப்பையும் அகலாது.

சேர்வராயன் மலையடிவாரத்தில், சேலம் நகரை ஒட்டி அமைந்துள்ள கொண்டப்பநாயக்கன்பட்டியில் கிராம சபைக் கூட்டம் முடிந்து கலையும் வேளையில், உழவர் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டனர். "ஐயா, காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி மட்டும் கிளம்புவதில்லை. மெக்கானிக் வரும்வரை நாங்களே பார்க்கக் கூடியது ஏதாவது உண்டுங்களா?" என்றார் பெரியவர் ஒருவர். உண்டு என்பதே விடை. வேளாண்மைப் பொறியியல் துறையினரிடம் கேட்டும், அனுபவம் மிக்க மெக்கானிக்குகள் வேலை செய்யும்போது அருகிருந்து பார்த்தும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் முறைப்படுத்தித் தருகிறேன்.

டீசல் எஞ்சின் தீப்பற்றும் விதம்

நோயின் காரணத்தை அறிய உடலின் இயல்பு தெரிந்திருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி தரும் பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அத்தகைய பொறி கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் உணர்ந்திருக்கிறோம். காற்றை அழுத்தினால் அது சூடேறும் என்ற அந்த எளிய உண்மையே டீசல் எஞ்சினுக்கு அடிப்படை. ருடால்ஃப் டீசல் என்ற பொறியியலாளர் 1897 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இம்முறையில் வெற்றிகரமாக எஞ்சினை இயக்கிக் காட்டினார்.

டிராக்டர் எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழிறங்கும்போது காற்று உள்ளே வருகிறது. பிஸ்டன் மேலேறும்போது அக்காற்று ஏறத்தாழ பதினாறில் அல்லது பதினெட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அடக்கப்படுகிறது. அப்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கும் மேலே செல்லும். அந்நேரத்தில் நாசில் வழியாக டீசல் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படுகிறது. டீசல் தானே பற்றிக்கொள்ள ஏறத்தாழ 250 டிகிரி வெப்பம் போதும். ஆகவே அது உடனே எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது.

இதிலிருந்து, எஞ்சின் கிளம்புவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்பது விளங்கும்.

1. எஞ்சின் போதிய வேகத்தில் சுழல வேண்டும். மெதுவாகச் சுழன்றால், அழுத்தப்படும் காற்று பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கசியும். அதன் சூட்டையும் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர் உறிஞ்சிவிடும்.

2. தூய டீசல், காற்றுக் கலப்பின்றி, உரிய நேரத்தில் நாசிலை அடைய வேண்டும்.

3. தூய காற்று தடையின்றி உள்ளே வந்து, கசிவின்றி அழுத்தப்பட வேண்டும்.

கிளம்ப மறுக்கும் எந்த டீசல் எஞ்சினுக்கும் குறை இம்மூன்றில் ஒன்றிலேயே இருக்கும். குறை எந்தப் பிரிவில் உள்ளது என்பதை முதலில் தீர்மானித்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். வரிசையை விட்டு, மனம் போனபடி கழற்றுவோர் ஒரு குறையை மூன்றாக்கி விடுவர்.

முதல் கேள்வி: எஞ்சின் சுழல்கிறதா?

சாவியைத் திருப்புமுன் சில சிறு செயல்களைச் சரிபார்த்துக் கொள்க. கியர் நியூட்ரலில் இருக்கிறதா? கிளட்ச் முழுவதும் மிதிக்கப்பட்டிருக்கிறதா? பல டிராக்டர்களில் இவை சரியாக இல்லாவிடில் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரமே செல்லாது. அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. எஞ்சினை நிறுத்தும் கம்பி முந்தைய நாள் இழுத்தபடியே இருக்கிறதா? தொட்டியில் டீசல் உண்டா? இவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மெக்கானிக்கை வரவழைத்த பிறகு, நிறுத்தும் கம்பி உள்ளே தள்ளப்படவில்லை என்று கண்டு நாணியவர் பலர்.

இப்போது முன்விளக்குகளை எரியவிட்டுச் சாவியைத் திருப்புக. இது எளிய சோதனை. ஆயினும் பயன் மிகுந்தது.

விளக்கு முதலிலேயே மங்கலாக இருந்தாலோ, சாவியைத் திருப்பியதும் அணைவது போல் ஒடுங்கினாலோ, பேட்டரியில் மின்சக்தி குறைந்துள்ளது அல்லது இணைப்பு தளர்ந்துள்ளது. பேட்டரியும் இணைப்பும் நன்றாக இருந்தும் விளக்கு ஒடுங்கினால், செல்ஃப் மோட்டார் உள்ளே இறுகியிருக்கலாம்.

விளக்கு பிரகாசம் குன்றாமல் எரிந்து, ஓசை ஏதும் எழாவிடில், சாவி, பாதுகாப்பு சுவிட்ச், ஃபியூஸ், அல்லது செல்ஃபின் மேலுள்ள சாலினாய்டு ஆகியவற்றில் தடை இருக்கும்.

'டக்' என்ற ஒற்றை ஒலி மட்டும் எழுந்து எஞ்சின் சுழலாவிடில், சாலினாய்டு வேலை செய்கிறது. ஆனால் மோட்டாருக்குப் போதிய மின்சாரம் வந்து சேரவில்லை.

பேட்டரியும் இணைப்பும்

மின்சக்தி குறைந்துவிட்டது என்று தெரிந்ததும் புதுப் பேட்டரி வாங்க விரைவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் டெர்மினல்களைப் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது சில நூறு ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. 300 ஆம்பியர் ஓடும் வழியில் ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கே தடை இருந்தாலும் 3 வோல்ட் வீணாகும். பன்னிரண்டு வோல்ட்டில் மூன்று போய்விட்டால் எஞ்சின் எப்படி வேகமாகச் சுழலும்? டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை அல்லது பச்சைத் தூள் இத்தகைய தடையே.

முதலில் எர்த் இணைப்பைக் கழற்றுக. பிறகு மற்றதைக் கழற்றுக. வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுக. சோடாக் கரைசல் பேட்டரியின் அறைகளுக்குள் புகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். உலர்ந்த பின் முதலில் நேர்முனையையும் கடைசியில் எர்த்தையும் பூட்டி, மேலே வாஸ்லின் தடவுக. எர்த் கம்பியின் மறுமுனை, டிராக்டரின் உடலோடு சேரும் இடத்தில், பெயின்டும் துருவும் இன்றிப் பளிச்சென்று இருக்க வேண்டும். பலர் மறக்கும் இடம் இதுதான்.

ஒரு நாள் ஓய்ந்திருந்த பேட்டரியில் வோல்ட் மீட்டர் 12.6 காட்டினால் அது நிறைந்துள்ளது என்று பொருள். 12.4 எனில் முக்கால் பங்கு. 12.0 அளவுக்கு இறங்கிவிட்டால் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. செல்ஃப் சுழலும்போது அளவு 9.6க்குக் கீழே வீழ்ந்தால் பேட்டரி வலுவிழந்துள்ளது. நீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள உப்புகள் பேட்டரியின் ஆயுளைக் குறைத்துவிடும்.

பேட்டரியிலிருந்து வெடிக்கக் கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. அதன் அருகே பீடி, தீக்குச்சி கூடாது. வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் பெறும்போது, இரண்டும் 12 வோல்ட் தானா என்று பார்த்து, நேர்முனையோடு நேர்முனையை இணைக்க வேண்டும். நல்ல பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை, கிளம்பாத டிராக்டரின் பேட்டரியில் பூட்டாமல், சற்றுத் தள்ளி எஞ்சினின் வெற்று இரும்பில் பூட்டுவதே பாதுகாப்பு.

சாவியைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. ஒரு தடவைக்குப் பத்து அல்லது பதினைந்து வினாடிக்கு மேல் வேண்டாம். இடையே ஒரு நிமிடமேனும் ஓய்வு கொடுக்க வேண்டும். இல்லையேல் செல்ஃப் மோட்டாரின் சுருள் சூடேறிக் கருகும்.

சுழல்கிறது, ஆனால் கிளம்பவில்லை

எஞ்சின் நல்ல வேகத்தில் சுழன்றும் கிளம்பாவிடில், புகைபோக்கியைப் பார்க்க வேண்டும். வைத்தியர் நாடி பார்ப்பது போன்றது இது.

புகையே வரவில்லை எனில், டீசல் சிலிண்டரை அடையவில்லை. குறை எரிபொருள் வழியில் உள்ளது.

வெண்புகை வந்தால், டீசல் உள்ளே செல்கிறது, ஆனால் எரியவில்லை. எஞ்சின் மெதுவாகச் சுழல்வதோ, அழுத்தம் குறைந்திருப்பதோ, டீசலில் நீர் கலந்திருப்பதோ, பம்பின் நேரம் பிந்தியிருப்பதோ காரணமாகலாம்.

கரும்புகை வந்தால், டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஏர் கிளீனரைப் பார்க்க வேண்டும். நாசில் ஒழுகுவதாலும் இது நேரும்.

நீலப்புகை வந்தால், எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக் கூடும்.

மழைக்கால உழவில் அடிக்கடி நேர்வது முதல் வகையே. புகை வரவில்லை எனில் தொட்டியிலிருந்து தொடங்கி, டீசல் செல்லும் வழியிலேயே நாமும் செல்ல வேண்டும். தொட்டி மூடியில் காற்று புகுவதற்கு ஒரு சிறு துளை உண்டு. புழுதியால் அது அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் ஏற்பட்டு டீசல் இறங்காது. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்ற ஓசை எழுந்தால் அதுவே காரணம். அடுத்து, தொட்டிக் குழாய் திறந்திருக்கிறதா, அடியில் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் நீரோ கசடோ நிற்கிறதா என்று காண்க. டீசலைவிட நீர் கனமானது. ஆகையால் அது அடியில் தங்கும். கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிட வேண்டும். ஃபில்டர் மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டதா என்பதையும் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

ஏர் எடுக்கும் முறை

டீசல் தீர்ந்து போகும்வரை ஓட்டினாலும், ஃபில்டர் மாற்றினாலும், குழாயின் இணைப்பு தளர்ந்தாலும் குழாய்க்குள் காற்றுக் குமிழ்கள் புகுந்துவிடும். 'ஏர் பிடித்துவிட்டது' என்று ஓட்டுநர்கள் சொல்வது இதனையே. டீசலை அழுத்தினால் அது சுருங்குவது மிகமிகக் குறைவு; காற்றோ எளிதில் சுருங்கும். பம்ப் அழுத்தும்போது குமிழ் சுருங்கி விரிகிறதே யன்றி, நாசில் திறப்பதற்கு வேண்டிய அழுத்தம் எழுவதில்லை. ஆகவே ஒரு துளி டீசலும் சிலிண்டருக்குள் செல்லாது. இக்காற்றை வெளியேற்றுவது விவசாயி தாமே செய்யக் கூடிய வேலை.

1. தொட்டியில் போதிய டீசல் ஊற்றுக. ஃபில்டர், பம்ப் ஆகியவற்றின் மேலுள்ள புழுதியைத் துணியால் நன்கு துடைக்க வேண்டும். மண் துகள் ஒன்று உள்ளே சென்றால் பம்ப் பழுதாகும்.

2. முதல் ஃபில்டரின் மேலுள்ள சிறு திருகை இரண்டு சுற்றுத் தளர்த்துக.

3. கைப் பம்பின் நெம்புகோலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நெம்புகோல் தளர்ந்து, இழுப்பே இல்லாமல் இருந்தால், உள்ளேயுள்ள கேம் உயர்ந்த நிலையில் நிற்கிறது என்று அறிக. செல்ஃபை ஒரு கணம் தட்டி எஞ்சினைச் சிறிது சுழற்றினால் இழுப்பு திரும்பும்.

4. திருகின் வழியே முதலில் நுரை வரும். குமிழ் நின்று, தெளிந்த டீசல் மட்டும் வரும்வரை அசைத்து, அசைத்துக் கொண்டிருக்கும்போதே திருகை இறுக்குக.

5. இரண்டாவது ஃபில்டரிலும், அதன் பின் பம்பின் மேலுள்ள திருகிலும் இவ்வாறே செய்க. தொட்டிக்கு அருகிலிருந்து பம்பை நோக்கிச் செல்வதே சரியான வரிசை.

6. இப்போது கிளம்பாவிடில், நாசிலுக்குச் செல்லும் குழாய்களின் நட்டு இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுமையாக வைத்துச் செல்ஃபைச் சுழற்றச் செய்க. டீசல் தெறித்து வரத் தொடங்கியதும் நிறுத்தி, நட்டுகளை இறுக்குக. அடுத்த தடவையில் எஞ்சின் கிளம்பிவிடும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் ஆழப் பதித்துக் கொள்ள வேண்டும். முதலாவது, நாசில் குழாயில் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அங்கு டீசல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தில் செல்கிறது. அது தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் ஊசி குத்தியது போல் தோன்றினாலும், அன்றே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். கசிவைக் காண ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்தால் போதும்.

இரண்டாவது, 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுட் பலவற்றில் காமன் ரயில் என்ற மின்னணு முறை அமைந்துள்ளது. அதில் அழுத்தம் முன்சொன்னதைப் போல் பல மடங்கு. அத்தகைய எஞ்சினில் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தவே கூடாது. ஃபில்டர் வரையிலான வேலையோடு நிறுத்திக்கொண்டு பயிற்சி பெற்றவரை அழைக்க வேண்டும்.

ஒரு வாஷரின் கதை

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவது பொருந்தும். வைகாசி மழைக்குப் பின் ஓர் ஊரில் உழவர் ஒருவரின் டிராக்டர் காலையில் கிளம்ப மறுத்தது. ஏர் எடுத்தால் கிளம்பும். அன்று முழுவதும் ஓடும். மறுநாள் காலை மீண்டும் அதே தொல்லை. பலமுறை செல்ஃபைச் சுழற்றியதில் பேட்டரி ஓய்ந்தது. புதுப் பேட்டரி வாங்கினார், குறை தீரவில்லை. பம்ப்தான் கெட்டுவிட்டது என்று ஒருவர் சொல்ல, அதைக் கழற்றி நகரத்துக்கு அனுப்பினார். பம்ப் திரும்பி வர நான்கு நாட்கள் ஆயின. பூட்டிய மறுநாள் காலையும் வண்டி கிளம்பவில்லை.

பிறகு வந்த முதியவர் ஒருவர், லாரிப் பட்டறையில் நெடுங்காலம் உழைத்தவர், எதையும் கழற்றவில்லை. தொட்டிக்கும் கைப் பம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, "இரவு முழுவதும் டீசல் பின்வாங்குகிறது, எங்கோ காற்று புகுகிறது" என்றார். ஃபில்டரின் நுழைவாயிலில் இருந்த செம்பு வாஷர் பலமுறை பயன்பட்டுத் தட்டையாகி, ஓர் ஓரத்தில் வெடித்திருந்தது. புது வாஷரின் விலை ஒரு வேளைத் தேநீர்ச் செலவுக்கும் குறைவு. ஆனால் அதற்குள் நிலத்தின் ஈரம் போய்விட்டது. ஐந்து ஏக்கர் கடலை விதைப்பு அடுத்த மழைக்குக் காத்திருந்தது. பேட்டரிக்கும் பம்புக்கும் செலவழித்த பணத்தைவிட அந்தக் காத்திருப்பே அவரை வருத்தியது.

இந்நிகழ்ச்சி தரும் பாடம் இது. உறிஞ்சும் பகுதியில் துளை இருந்தால், அங்கே டீசல் வெளியே ஒழுகுவதைவிடக் காற்று உள்ளே புகுவதே மிகுதி. ஆகவே ஒழுகல் கண்ணில் படவில்லை என்பதால் இணைப்பு சரியாக உள்ளது என்று கொள்ளலாகாது. ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் வாஷரையும் மாற்றிவிட வேண்டும்.

காலையிலா, நண்பகலிலா?

எப்போது கிளம்ப மறுக்கிறது என்பதும் ஒரு தடயமாகும். மார்கழி, தை மாதக் காலைகளில் மட்டும் தகராறு செய்து, சூடேறிய பின் நன்றாக ஓடும் எஞ்சினில் பெரும்பாலும் அழுத்தம் குறைந்திருக்கும். பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். வால்வு சரியாக அமராமல் இருக்கலாம். ஓடும்போது எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியே புகை மிகுதியாக வந்தால் வளையத் தேய்வு உறுதிப்படும். நம் சமவெளியில் பனி நாடுகளைப் போன்ற கடுங்குளிர் இல்லை. ஆகையால் நலமான டீசல் எஞ்சின் மார்கழிக் காலையிலும் சில வினாடிகளில் கிளம்ப வேண்டும். கிளம்பாவிடில் பனியைக் குறை கூறாமல் எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாறாக, காலையில் எளிதில் கிளம்பி, நண்பகலில் சோற்றுக்கு நிறுத்திய பின் கிளம்ப மறுக்கும் வண்டிகளும் உண்டு. சூட்டில் டீசல் நீர்த்துவிடும். பம்பின் உள்ளுறுப்புகள் தேய்ந்திருந்தால் நீர்த்த டீசல் இடுக்கு வழியே கசிந்து, போதிய அழுத்தம் கிடைக்காது. பம்ப் ஆறிய பின் வண்டி தானே கிளம்பினால் இந்த ஐயம் வலுப்பெறும். இங்கு பம்பைச் சோதனை மேசையில் ஏற்றிப் பார்க்க வேண்டுவதே முறை. லாரித் தொழிலால் பெயர் பெற்ற நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களை அடுத்து வாழும் நமக்கு, டீசல் பம்ப் வேலை தெரிந்தோர் கிடைப்பது அரிதன்று.

காற்று வரும் வழி

உழவில் எழும் புழுதி எஞ்சினுக்குப் பெரும் பகை. எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனராயின், கிண்ணத்தில் கசடு படிந்ததும் கழுவி, குறியிட்ட அளவுவரை புது ஆயில் ஊற்ற வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சிக்கொள்ளும். காகித வகையைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ஏர் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும், புழுதி நேரே சிலிண்டருக்குள் சென்று வளையங்களைத் தேய்க்கும். இன்று கவனியாமல் விட்ட வெடிப்பு, சில பருவங்கள் கழித்துக் கிளம்ப மறுக்கும் எஞ்சினாக நம்முன் நிற்கும்.

செய்யத் தகாதவை

அவசரம் மனிதனை அபாயத்தில் தள்ளும். மழைக்கு அஞ்சி விரையும் நேரத்தில் செய்யப்படும் சில செயல்கள் உயிருக்கே உலை வைப்பவை.

டிராக்டரின் பக்கத்தில் தரையில் நின்றுகொண்டு, செல்ஃபின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைத்துக் கிளப்புவது அவற்றுள் முதன்மையானது. இவ்வாறு செய்யும்போது பாதுகாப்பு சுவிட்ச் பயனற்றுப் போகிறது. வண்டி கியரில் இருந்தால் கிளம்பிய அக்கணமே நகரும். நிற்பவரோ பின்சக்கரத்தின் வழியில் இருக்கிறார். இவ்வகையில் உலகெங்கும் பலர் உயிரிழந்துள்ளனர். அனுபவம் மிக்க ஓட்டுநர்களும் இவர்களுள் அடங்குவர். இருக்கையில் அமர்ந்தே டிராக்டரைக் கிளப்ப வேண்டும். இதற்கு விலக்கே இல்லை.

காற்றுக் குழாயின் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவதும், ஈதர் தெளிப்பதும் தீயை அழைப்பதாகும். அவை உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து எரிவதால் பிஸ்டனும் வளையமும் உடையும். காற்றைச் சூடேற்றும் கருவி பொருத்திய எஞ்சினில் இது வெடிவிபத்தாகவே முடியும்.

மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையில் நச்சு வாயு உண்டு. கயிறு கட்டி வேறு வண்டியால் இழுத்துக் கிளப்புவதும் நன்றன்று. திடீரென்று கிளம்பும் டிராக்டர் முன்னுள்ள வண்டியில் மோதும். டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பதும் தவறு. பம்பின் உறுப்புகளுக்கு டீசலே மசகாகவும் விளங்குகிறது. மண்ணெண்ணெயில் அத்தன்மை குறைவு.

வருமுன் காத்தல்

மேற்சொன்னவற்றுள் பெரும்பகுதி, நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கினால் நேராமலே போகும். மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிர்ச்சியால் காற்றின் ஈரம் நீராகப் படிந்து டீசலில் கலக்கும். பீப்பாயில் டீசல் சேமிப்போர் அதைச் சற்றுச் சாய்த்து வைத்து, ஒரு நாளேனும் அசையாமல் விட்டு, அடிக் கசடு வராதபடி மேலிருந்தே எடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை கண்ணாடிக் கிண்ணத்தை வடிக்க வேண்டும். பேட்டரி டெர்மினலைப் பார்க்க வேண்டும். ஆயிலையும் ஃபில்டரையும் கையேடு கூறும் மணிக்கணக்கில் மாற்ற வேண்டும். வேலையற்ற மாதங்களிலும் வாரம் ஒரு நாள் எஞ்சினைச் சூடேறும்வரை ஓடவிடுவது பேட்டரிக்கு நல்லது.

ஆயுத பூசையன்று நம் ஊர்களில் டிராக்டரைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டுகிறோம். அந்த நன்னாளையே ஆண்டுப் பராமரிப்பு நாளாகவும் கொண்டால் என்ன? ஏர் கிளீனரைத் துப்புரவு செய்து, புது ஃபில்டரும் புது வாஷரும் பூட்டி, டெர்மினலைத் துலக்கிவிட்டு மாலையிடுவோமானால், அதுவே கருவிக்குச் செய்யும் உண்மையான பூசையாகும். அவ்வாறே சித்திரையில் பொன்னேர் பூட்டுமுன் இன்னொரு முறை பார்த்துவிட்டால், கோடை மழையும் ஆடிப் பட்டமும் நம்மைத் தயாராகக் காணும்.

ஊராட்சிகள் செய்யக் கூடியவை

ஊராட்சிக்குச் சொந்தமான டிராக்டர் பொதுச் சொத்து. பொதுச் சொத்து என்பதாலேயே எவரும் பொறுப்பேற்காமல் கெட்டுப் போவதும் உண்டு. இதைத் தவிர்க்க மூன்று ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, வண்டியோடு ஒரு பதிவேடு இருக்க வேண்டும். ஓடிய மணி, ஊற்றிய டீசல், ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய நாள், நேர்ந்த பழுது ஆகியவற்றை ஓட்டுநர் அதில் எழுதி வரவேண்டும். பதிவேட்டைப் புரட்டினாலே பல பழுதுகளின் காரணம் புலப்பட்டுவிடும்.

இரண்டாவது, ஒரு சிறு பெட்டியில் ஃபில்டர் ஒரு ஜோடி, பல அளவுச் செம்பு வாஷர்கள், ஃபியூஸ்கள், பொருத்தமான ஸ்பேனர்கள், வோல்ட் மீட்டர், கம்பித் தூரிகை ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். மழை நாளில் சேலத்துக்கு ஓடி ஒரு வாஷர் வாங்கி வருவதற்குள் அரை நாள் கழிந்துவிடும்.

மூன்றாவது, ஊரில் இளைஞர் இருவருக்கேனும் ஏர் எடுக்கவும், பேட்டரி சோதிக்கவும் கற்பிக்க வேண்டும். இயந்திரம் பழுதான நாளில், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரைப் பெறும் வழியையும் உழவர்கள் அறிந்திருத்தல் நலம். உழவன் செயலி வாயிலாகவும் அதற்கு முன்பதிவு செய்யலாம்.

மாட்டின் முகவாட்டத்தைக் கண்டே அதன் நோயை அறிந்தவர்கள் நம் உழவர்கள். அந்தக் கூர்மையான பார்வையை எஞ்சினின்பாலும் செலுத்த வேண்டும். சுழலும் ஓசை, புகையின் நிறம், கிளம்ப மறுக்கும் வேளை ஆகிய மூன்றும் எஞ்சின் நம்மோடு பேசும் மொழி. அம்மொழியைக் கற்றவர் வீண் செலவு செய்யார். அடுத்த மழையின் ஈரத்தையும் இழக்க மாட்டார்.